மில்காரர் வீட்டு இழுப்பு

குன்னூர்
4.11.2024

சாந்தாமணிக்கு,

நம் ப்ரியாவைப் பார்த்துவிட்டுப் போன அவிநாசிக்காரர்கள் நேற்று சம்மதம் சொல்லிவிட்டார்கள். பையன் பெயர் கீர்த்திவாசன். திருப்பூரில் நூல் வியாபாரம். நான்கு இடத்தில் விசாரித்துவிட்டேன், பழுதில்லை. புரோக்கர் தினகரன் கொண்டுவந்த இடம். 24ஆம் தேதி ஞாயிறு பெரியவர்கள் வந்து நாள் குறிக்கிறார்கள்.

போனில் சொல்லியிருப்பேன். நீ இருக்கிற எஸ்டேட் லைன் வீட்டில் டவர் எடுப்பதில்லை. எடுத்தாலும் நாலாவது வார்த்தையில் எனக்குக் கோபம் வருகிறது, உனக்கு இருமல் வருகிறது. அதனால் எழுதி, ஷிஜோவின் பால் வண்டியில் கொடுத்தனுப்புகிறேன்.

மில் தூசி ஆகாது என்று டாக்டர் சொல்லி, இரண்டு வாரம் என்று மார்ச்சில் போனவள் நீ. இப்போது நர்ஸ் சுகந்தியோடு லைன் லைனாகப் போய் ஆஸ்துமா இழுப்புக்காரர்களுக்கு வகுப்பு எடுக்கிறாயாம். நான் ஒன்றும் சொல்லவில்லை. கீழே மிளகாய் மில், மேலே வீடு, இந்தக் குடும்பம் அதில்தான் நின்றது என்பதையும் சொல்லவில்லை.

ஞாயிறன்று நீ வர வேண்டும். அம்மா எங்கே என்று கேட்டார்கள். முட்டிவலி, அன்னூரில் தங்கச்சி வீட்டில் இருக்கிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். ஒரே ஒரு விஷயம். இன்ஹேலரை, அதுதான் உன் பம்பை, அன்றைக்கு வெளியில் எடுக்கக் கூடாது. ப்ரியாவும் எடுக்க மாட்டாள். அவளுடையது கீழே என் மேசை டிராயரில் இருக்கும். அம்மாவுக்கும் இழுப்பு, மகளுக்கும் இழுப்பு என்றால் எந்தச் சம்பந்தம் நிற்கும்? தாலி ஏறட்டும், மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம். ஒரு நாள்தானே.

ப்ரியாவுக்கு வந்து தட்டிப்போனது மூன்று, இது நான்காவது இடம். எனக்கு அலைந்து அலுத்துவிட்டது.

லிங்கசாமி


நடுவட்டம்
9.11.2024

ப்ரியா அப்பாவுக்குச் சாந்தாமணி எழுதுவது.

கடிதத்தைக் கொடுத்துவிட்டு ஷிஜோ தன் மலையாளத் தமிழில், "சேச்சி, முதலாளி மொகத்தைப் பாத்தா நல்ல சமாச்சாரம் மாதிரி இல்ல கேட்டோ" என்றான். நல்ல சமாச்சாரம்தான் என்றேன். பையன் வீட்டைப் பற்றி எனக்குக் குறையில்லை.

இங்கே மழை விடவில்லை. விறகெல்லாம் ஈரம், லைன் முழுக்க அடுப்புப் புகை. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறவள். பெற்றவர்கள் சிலோனிலிருந்து வந்தவர்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த பம்பைச் சாமி மாடத்தில் வைத்துத் திருநீறு பூசியிருந்தாள். "அது கடைசி மருந்து தாயி. புடிச்சா விடவே ஏலாதாம்" என்றாள். அவள் வீட்டுக்காரர் சுடலை, "புடிச்சவ எவளாச்சும் பொழச்சிருக்காளா?" என்று கேட்டார். சுகந்தி படத்தைக் காட்டி எவ்வளவோ சொன்னாள். ஒருத்தரும் அசையவில்லை. அப்புறம் நான் என்னுடையதை எடுத்து, ஆட்டி, மூச்சை வெளியே விட்டு, வாயில் வைத்து அழுத்தி, மெல்ல உள்ளே இழுத்து நிறுத்திக் காட்டினேன். செத்து விழுவேன் என்று சுடலை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விழவில்லை. "மில்லு மொதலாளி சம்சாரமே புடிக்குது. ஒனக்கென்ன கேடு, புடிடீ" என்று பெண்டாட்டியை அதட்டினார்.

என் வேலை அவ்வளவுதான். படித்தவள் சுகந்தி. நான் நாலு பேர் பார்க்கப் பிடிக்கிறவள். அதையும் ஒளித்துவிட்டு மறுபடி இவர்கள் முன்னால் எப்படி உட்காருவேன்?

அது போகட்டும். கல்யாணமாகி வந்த புதிதில் உங்கள் அம்மாவுக்குத் தெரியாமல் மாத்திரையை அரிசி டின்னில் புதைத்துவைத்தவள் நான். இழுப்பு வந்தால் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வேன். ப்ரியா அவிநாசியில் எந்த டின்னில் வைப்பாள்? இழுப்பில்லாத நாளிலும் காலை மாலை பிடிக்க வேண்டிய மருந்து அது. தாலி ஏறிய பிறகு சொல்லலாம் என்கிறீர்களே, சொல்லப்போவது யார்? அவள்தான், அந்த வீட்டில் தனியாக நின்றுகொண்டு.

மிளகாய் மூட்டை வாங்கினால் மேல்வாயைப் பார்த்தா வாங்குகிறீர்கள்? குத்தூசி போட்டு அடியிலிருந்து எடுத்துப் பார்க்கிறீர்கள். பெண்ணை மூட்டை என்று சொல்லவில்லை. உங்களுக்குப் புரிகிற பாஷையில் சொல்கிறேன்.

சொல்லிவிட்டுப் பேசுவதானால் வருகிறேன். மறைத்துப் பேசுவதானால் என் முட்டிவலி முட்டிவலியாகவே இருக்கட்டும்.

சாந்தாமணி


குன்னூர்
15.11.2024

சாந்தாமணிக்கு,

குத்தூசி போடுவது வாங்குகிறவன் வேலை. விற்கிறவன் தானே மூட்டையைக் கிழித்துக் காட்டுவதில்லை. இத்தனை வருஷத்தில் நான் கலப்படம் செய்ததில்லை. கேட்காததைச் சொன்னதும் இல்லை.

உன் கடிதத்தை ப்ரியாவிடம் கொடுத்தேன். "அம்மா சொல்றது சரிதானுங்கப்பா. ஆனா இதுவும் தட்டிப்போச்சுன்னா நீங்க ஒடஞ்சு போயிருவீங்க. நான் சமாளிச்சுக்கறேன்" என்றாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இருந்தாலும் வாக்கு கொடுத்தாகிவிட்டது. நீ வர வேண்டாம்.

பூண்டும் ஒரு கம்பளியும் ஷிஜோவிடம் இருக்கின்றன. மிளகாய்ப்பொடி வைக்கவில்லை. இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

லிங்கசாமி


குன்னூர்
26.11.2024

சாந்தாமணிக்கு,

ஞாயிறன்று நடந்ததை வேறு யாராவது உன் காதில் போடுமுன் நானே எழுதுகிறேன்.

பையன், அவன் அம்மா கனகமணி, தாய்மாமன் நல்லசாமி, இன்னும் இரண்டு பேர். சனிக்கிழமையே மில்லை நிறுத்தித் தரையைக் கழுவிவிட்டிருந்தேன். வந்ததும் வராததுமாக நல்லசாமி, "ஏனுங்க, பெரிய மில்லுன்னு சொன்னாங்க, பூட்டிப் போட்டிருக்கீங்க? ஓடறதைப் பாக்கலாம்னு வந்தனுங்க" என்றார். இன்னொரு நாள் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பெருமை விடவில்லை. ஒரு கூடை வற்றலைக் கொட்டி ஓட்டிக் காட்டினேன். "அடேங்கப்பா" என்று தும்மிக்கொண்டே மெச்சினார். படியேறி மேலே வந்தோம். நெடி எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தது.

ப்ரியா காபித் தட்டோடு வந்தாள். அந்த விசில் சத்தம் எனக்குத்தான் முதலில் கேட்டது. உன் நெஞ்சில் கேட்டுக் கேட்டுப் பழகிய சத்தம். "என்ன கண்ணு, சளியா?" என்று கேட்டது கனகமணி அம்மாள். "ஆமாங்கத்தை" என்று சிரித்தாள். மண்டபம் அவிநாசியிலா கோயமுத்தூரிலா என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. நான் கோயமுத்தூர் என்றேன். பேசிக்கொண்டே இவளைப் பார்க்கிறேன், தோள் ஏறி ஏறி இறங்குகிறது, தட்டில் டம்ளர்கள் ஆடுகின்றன. உட்காரவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சொன்னாலொழிய மருந்தைக் கேட்க மாட்டாள் என்று தெரிந்தது.

கீழே ஓடிப்போய் எடுத்து வந்தேன். "இந்தா சாமி, புடி" என்று கொடுத்தேன். தட்டை நான் வாங்கிப் பிடித்துக்கொண்டேன். நீ எழுதியிருந்தாயே, அதே மாதிரி ஆட்டி, மூச்சை விட்டு, பிடித்தாள்.

"இது எத்தனை நாளா?" என்றது அந்த அம்மாள்.

"பள்ளிக்கூடத்துல படிக்கறப்ப இருந்தே உண்டுங்க. இவ அம்மாவுக்கும் உண்டு. முட்டிவலின்னு நான் சொன்னது பொய்யிங்க" என்றேன்.

"சீக்காளிப் புள்ளைய எங்க தலையில கட்டப் பாத்தீங்களாக்கும்" என்றார் நல்லசாமி.

"சீக்காளி இல்லீங்க. மருந்து புடிச்சா உங்களையும் என்னையும் மாதிரிதான். வெக்கப்பட்டு மறைச்சாத்தான் ஆபத்து" என்றேன். உன் வகுப்பில் உட்காராமலே பாடம் ஒப்பித்தேன். பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மாமன் முறைத்தார். மூடிக்கொண்டான். காபியை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள்.

நேற்று தினகரன் வந்து, ஜாதகத்தில் ஏதோ தோஷமாம் என்றான். போன மாதம் பொருந்திய ஜாதகம். சரி என்றேன்.

ப்ரியா வேலைக்குப் போய் வருகிறாள். சாப்பிடும்போது, "ஒடஞ்சு போயிட்டீங்களாப்பா?" என்றாள். இல்லை என்றேன். பாதி பொய்.

வந்துவிடு சாந்தாமணி. முடியவில்லை.

லிங்கசாமி


நடுவட்டம்
1.12.2024

ப்ரியா அப்பாவுக்கு,

தட்டை நீங்கள் வாங்கிப் பிடித்துக்கொண்ட இடத்தில் நிறுத்திவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மீதியைப் படித்தேன்.

சம்பந்தம் போனதற்கு எனக்கும் வருத்தம்தான். ப்ரியாவை நினைத்து இரவெல்லாம் விழித்திருந்தேன். ஆனால் அவள் எந்த டின்னைத் தேடுவாள் என்ற பயம் போய்விட்டது.

இங்கே பேச்சியம்மா உடம்பு தேறிவிட்டது என்று பம்பைத் திரும்பவும் சாமி மாடத்தில் வைத்துவிட்டாள். தேறியதே அதனால்தான் என்று மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். சுகந்திக்கும் அலுப்புதான், எனக்கும் அலுப்புதான். விட முடியாது.

வருகிறேன். ஆனால் வீட்டுக்கு அடியில் மில் இருக்கக் கூடாது. நீங்கள் அதைக் கட்டி நிறுத்தப் பட்ட பாடு எனக்குத் தெரியும். மில்லுக்குப் பின்வரிசை வீடுகளில் சின்னக் குழந்தைகள் இருமுவதும் தெரியும். லைன் வேலையையும் நான் விடப்போவதில்லை. இந்த இரண்டுக்கும் என்ன சொல்கிறீர்கள்?

சாந்தாமணி


குன்னூர்
7.12.2024

சாந்தாமணிக்கு,

நீ கேட்டதை ஒரேயடியாகக் கொடுக்க என்னால் முடியாது. மில்லைப் பெயர்த்து எடுத்தால் பாதி வாடிக்கை போய்விடும். அருவங்காடு போகிற வழியில், பக்கத்தில் வீடுகள் இல்லாத ஒரு ஷெட் பார்த்திருக்கிறேன். கரண்ட் இணைப்பு வாங்கிப் பூஜை போடப் பங்குனி ஆகும். அதுவரை இங்கே மில்லைப் பூட்டிவைக்கச் சொல்வாய் என்று தெரியும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

நீயும் இறங்கி வர வேண்டும். வாரம் முழுக்க லைனில் இருந்துகொண்டு வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்துபோவது ஒத்துவராது. ப்ரியாவிடமும் கேட்டுவிட்டேன். "ரெண்டு பேரும் பேரம் பேசி முடிங்க, நான் கையெழுத்துப் போடறேன்" என்று சிரிக்கிறாள்.

ஆகவே என் கடைசிப் பேச்சு இது. திங்கள் முதல் வியாழன் வரை உன் லைன். வெள்ளி சாயங்காலம் ஷிஜோ வண்டியில் குன்னூர், திங்கள் விடியும்வரை வீட்டில். மில் நாளையிலிருந்து பூட்டு, பங்குனியில் ஷெட்டில் திறப்பு. இனி ப்ரியாவைக் கேட்டு யார் வந்தாலும் இழுப்பைச் சொல்லிவிட்டுத்தான் உட்காரச் சொல்வது, சொல்லுகிறவன் நான். இதற்குக் கீழே நான் இறங்க மாட்டேன், நீயும் இதற்கு மேலே கேட்கக் கூடாது.

லிங்கசாமி