மதியத் தூக்கத்துக்கு அவள் குரல்

நாரே அப்பா,

அவளா, நானா? கட்டினவனிடம் இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா சொல்லி அனுப்பினாள். கேட்கிறேன்.

கதை வாசிப்பவர்கள் எத்தனையோ பேர் இருக்க, பிள்ளையை மதியம் படுக்கவைக்க உன் பழைய காதலி சேயோனின் ஒலிப்புத்தகம்தான் கிடைத்ததா? நாரே தூங்கிய பிறகும் நிறுத்தாமல் நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய். அவள் குரல் தேன்தான். அதனால்தான் எரிகிறது.

நேற்று சோங்குஜிக் கீரை அடை சுட்டேன்; எங்கள் ஊரில் அந்தக் கீரைக்கு அதுதான் பேர். "அம்மா, அது சோங்குஜி இல்ல, புச்சு. கதைச் சித்தி அப்படித்தான் சொல்வாங்க" என்றாள் நாரே. நீ சிரித்துக்கொண்டே, "நல்லவேளை, உன் பட்டிக்காட்டுப் பேச்சு இவளுக்கு ஒட்டல" என்றாய். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். எங்கள் ஊர் தேகுப் பேச்சோடுதான் வாங்கினேன்.

மிச்ச அடை ஃப்ரிட்ஜில் இருக்கிறது. சனிக்கிழமை உன் அம்மா வந்தால் நீயே பதில் சொல்லிக்கொள். நாரேயைத் தேகுவுக்கு, என் அம்மா வீட்டுக்கு அழைத்துப்போகிறேன். இனி மதியக் கதை என் வாயால், என் பேச்சில்.

பி.கு.: செருப்பு மாட்டும்போது, "கதைச் சித்தியும் ரயில்ல வராங்களா?" என்கிறாள். இல்லை என்று சொல்லிவிட்டேன். டாக்சி வந்துவிட்டது, கிளம்புகிறோம்.