மார்கழிக்கு ஒரு பனிவண்டி

நவம்பர் 17, ஞாயிறு

மழை விடவில்லை. மணலிலும் அறுத்த வயலிலும் ஓட்டுகிற என் டர்ட் பைக் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. ஆடியில் மூடி வைத்தது. கொள்ளிடத்தில் தண்ணீர், வயலில் தண்ணீர், வரப்பெல்லாம் சேறு. அறுப்பு முடிகிற வரை வண்டியை எங்கே ஓட்டுவது, கூரை மேலா?

மாலையில் கனடாவிலிருந்து அவர் வீடியோ காலில் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "பிரகதி, ஒண்ணு காட்டுறேன், கண்ண மூடு." எனக்கு ஏதோ வாங்கியிருக்கிறார் என்று அசடு மாதிரி மூடினேன். திறந்தால் ஒரு ஷெட்டுக்குள் ஒரு வண்டி நிற்கிறது. முன்னால் சக்கரத்துக்குப் பதில் இரண்டு சறுக்குக் கட்டை, பின்னால் புல்டோசருக்கு இருப்பது மாதிரி ஒரு ரப்பர் பட்டை. ஸ்னோமொபைலாம். "டர்ட் பைக் ஓட்டுறவனுக்கு குளிர்காலத்துல இதுதான். கூட வேலை பாக்குறவனெல்லாம் வச்சிருக்கான். செகண்ட் ஹேண்ட்தான் வாங்கினேன்" என்றார்.

"நல்லா இருக்கு" என்றேன். வேறு என்ன சொல்வது? மூன்றே வருடம், வந்துவிடுகிறேன் என்று கனடா போன மனிதர் நாலாவது வருடம் முடியப்போகிற நேரத்தில் பனியில் ஓட்டுகிற வண்டி வாங்கியிருக்கிறார். திருப்பனந்தாளில் எந்த மாதம் பனிக்கட்டி கொட்டுகிறது? ஊர் திரும்புகிறவன் வாங்குகிற சாமானா அது?

நவம்பர் 18

இல்லை. திரும்புகிறவன் வாங்குகிற சாமான் இல்லை.

நவம்பர் 30, சனி

விடிந்ததிலிருந்து பேய் மழை. வடிகாலில் ஆகாயத்தாமரை வந்து அடைத்துக்கொண்டது. சம்பா முழுக்க மூழ்கிவிட்டது. தண்ணீர் உடனே வடியாவிட்டால் பயிர் அழுகிப்போகும். கூப்பிட்ட ஆட்களில் பக்கத்து வயல் செவ்வந்தி ஒருத்திதான் வந்தாள். இரண்டு பேரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, தாமரையை அரிவாளால் அறுத்து அறுத்துக் கரையில் எறிந்தோம். கையெல்லாம் ஊறி வெளுத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால் அவரிடமிருந்து வீடியோ. பனியில் யாரோ பறக்கிறான், பின்னால் பாட்டு வேறு. பயிர் முங்கிக் கிடக்கு, இந்த மனுஷனுக்குப் பாட்டு கேக்குது! அப்படியே எழுதி அனுப்பினேன். "ஆள் வச்சுப் பண்ண வேண்டியதுதானே" என்று பதில். ஆளாம். எந்த ஆள்? அரவிந்தன் என்று ஒரு ஆள் இருந்தான், இதே வாய்க்காலில் எனக்கு முன்னால் இறங்குவான், அந்த ஆளைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அத்தை வேறு மகனுக்கு வக்காலத்து. "அவனத் திட்டாத, அங்க தனியா கெடக்கான்."

"நான் இங்க திருவிழாவுலயா இருக்கேன் அத்தை?"

டிசம்பர் 8, ஞாயிறு

தண்ணீர் வடிந்துவிட்டது. பயிர் பிழைத்தது. மயிலாடுதுறை போய் ஜெய்னுலாபுதீன் பட்டறையில் செயினும் பிரேக் கட்டையும் வாங்கினேன். கோடையில் கொள்ளிட மணலில் எங்களோடு வண்டி ஓட்டுகிறவன், நியாயம் பேசுவான் என்று நம்பி எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் காதில் ஒரே ஒரு வார்த்தைதான் விழுந்தது.

"ஸ்னோமொபைலா? கிளட்ச் இருக்காக்கா அதுல?"

வீடியோவைப் பிடுங்கி வைத்துக்கொண்டு பட்டறையே சுற்றி நின்று பார்த்தது. "அக்கா, ஓட்டிப் பாக்காம திட்டக் கூடாதுக்கா" என்று தீர்ப்பு வேறு.

வீட்டுக்கு வந்து நானும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். என் மேலேயே எரிச்சலாக இருக்கிறது.

டிசம்பர் 15, ஞாயிறு

டிக்கெட் அனுப்பிவிட்டார். விசா போன வருடம் எடுத்தது, சும்மாதான் கிடந்தது. "வா, வந்து ஓட்டிப் பாரு. திட்டுறதா இருந்தா நேர்ல திட்டு" என்கிறார். பேச மட்டும் தெரியும். அறுப்புக்கு முன்னால் திரும்பிவிடலாம், அதுவரை வயலைப் பார்த்துக்கொள்கிறேன் என்று செவ்வந்தி சொன்னாள்.

அத்தைதான் குதித்தார். "பொங்கலன்னிக்கு வீட்டுல மருமக இல்லன்னா ஊரு என்ன சொல்லும்?"

"மூணு பொங்கலா மகன் இல்ல. ஊரு என்ன சொல்லிச்சு?"

உள்ளே போய்விட்டார். பாவம்தான். ஆனால் யாராவது ஒருத்தர் கேட்க வேண்டாமா? நான் போகிறேன். வண்டி ஓட்டவும்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். அவர் முகத்தைப் பார்த்து ஒரே கேள்வி கேட்கவும். வருவீங்களா, மாட்டீங்களா?

ஜனவரி 2, வியாழன்

வந்து சேர்ந்தேன். மூக்குக்குள் முடி விறைத்துப்போகிற குளிர். டொராண்டோவிலிருந்து மூன்று மணி நேரம் காரில். சின்ன ஊர், கார் சீட் செய்கிற பாக்டரி ஒன்று, அதில்தான் அவர் வேலை. கன்னம் கொஞ்சம் சதை வைத்திருக்கிறது. விமான நிலையத்தில் என்னைப் பார்த்ததும் அழுதார். நானும்தான். அதை விடு.

வீட்டில் ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டிருக்கிறார். மழைக்கு ஒரு செருப்பு, சகதிக்கு ஒன்று, பனிக்கு ஒன்று. சுவரில் ஆணி அடித்து வரிசையாகச் சாவி மாட்டியிருக்கிறார். எங்கள் வீட்டில் ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் ஆறு மாதம் ஆகும் இவருக்கு. கேள்வியை இன்னும் கேட்கவில்லை.

ஜனவரி 4, சனி

ஓட்டினேன்.

கிளட்ச் இல்லை, கியர் இல்லை. வலது கட்டைவிரலால் ஒரு விசையை அழுத்தினால் சீறிக்கொண்டு போகிறது. என் இடது கால் பழக்கத்தில் கியரைத் தேடித் தேடி ஏமாந்தது. வளைவில் நம் வழக்கப்படி காலை வெளியே நீட்டினேன். "கால உள்ள வை! கால உள்ள வை!" என்று பின்னால் ஓடி வந்தபடியே கத்தினார். உடம்பைச் சாய்த்தால்தான் திரும்புகிறது. ஒரு திருப்பத்தில் சாய்ந்தது போதாமல் தூக்கி எறிந்துவிட்டது. கொள்ளிட மணலில் விழுந்தால் முழங்கையில் தோல் இருக்காது. இங்கே மெத்தையில் விழுந்தது போல. படுத்தபடியே சிரித்தேன். அவரும் வந்து பக்கத்தில் விழுந்தார்.

கல்யாணமான புதிதில் அணைக்கரைப் பக்கம் இப்படித்தான் திரிவோம். கோபமாக வந்தவள் என்பதே மறந்துவிட்டது. இப்போது எழுதும்போது அதற்காகவும் கோபம் வருகிறது.

ஜனவரி 5, ஞாயிறு

அசிங்கமாகிவிட்டது.

பனிவண்டிப் பாதை ஒரு பெரிய வெள்ளை வெளியின் ஓரமாகப் போகிறது. ஓரத்தில் ஆரஞ்சுக் குச்சி நட்டிருக்கிறார்கள். குச்சியைத் தாண்டக் கூடாது என்று சொல்லிவிட்டு வண்டியை என்னிடம் கொடுத்தார். ஏன் என்று சொல்லவில்லை. நான் பார்த்தேன்: அறுப்பு முடிந்த வயல். வேலியில்லை, ஆளில்லை. நம் ஊரில் அறுத்த வயலில் இறங்க யாரும் யாரையும் கேட்பதில்லை. ஆடு மேயும், வாத்து மேயும், கிரிக்கெட் நடக்கும், நாங்கள் வண்டி ஓட்டுவோம். இறங்கிவிட்டேன். பெரிதாக ஒரு வட்டம், அதற்குள் இன்னொன்று. அவர் ஓரத்தில் நின்று கையை ஆட்டுவதை உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு பிக்கப் வண்டி சீறிக்கொண்டு வந்து நின்றது. அறுபது வயதிருக்கும், ஒரு அம்மாள் இறங்கினார். இங்கிலீஷ் பாதிதான் புரிந்தது, கோபம் முழுசாகப் புரிந்தது. கடைசியில் மண்டியிட்டு, கையுறையால் பனியை விலக்கிக் காட்டினார்.

கீழே பச்சை. விரல் நீளத்துக்குக் கோதுமைப் பயிர். புரட்டாசியில் விதைத்ததாம். பனிதான் அதற்குப் போர்வையாம், வண்டி ஏறி அழுத்தினால் போர்வை கட்டிப்போய் பயிர் மூச்சுத் திணறிச் செத்துவிடுமாம்.

தஞ்சாவூர்க்காரிக்கு இது தெரியாதா? நெல் அறுப்பதற்கு ஒரு வாரம் முன்பே, நிற்கிற பயிருக்குள் உளுந்து தெளிக்கிற ஊர்க்காரி நான். அறுத்த பிறகு வயல் மொட்டையாகத் தெரியும். குனிந்து பார்த்தால் தாளுக்கு நடுவில் உளுந்து இலை விட்டிருக்கும். திருச்சியிலிருந்து வண்டி கொண்டு வருகிற பயல்களிடம், உளுந்து போட்ட வயலில் இறங்காதே, குனிந்து பார்த்துவிட்டு ஓட்டு என்று வருடா வருடம் தொண்டை கிழியக் கத்துகிறவளும் நான். நான் குனிந்து பார்த்தேனா?

அவர் அந்த அம்மாளிடம் சாரி, சாரி என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்து கேட்டேன். "கீழ பயிர் இருக்குன்னு ஏங்க சொல்லல?"

"எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

ஜனவரி 6

எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்! நாலு வருஷமா தெனம் அந்த வயல் ஓரமாத்தானே வேலைக்குப் போற? பனி விழறதுக்கு முன்னாடி பச்சையா இருந்திருக்குமே, கண்ணு எங்க போச்சு? என்ன வெதைக்கிறாங்க, எப்ப அறுக்கிறாங்கன்னு ஒரு நாள் கேக்கத் தோணல? ரயில்ல போகும்போது எந்த ஊரு வயலப் பாத்தாலும் 'இது என்ன ரகம் தெரியுதா'ன்னு என்னை எழுப்பி எழுப்பிக் கேட்டவன்தானே நீ?

நான் செய்தது தப்பு. அது வேறு கணக்கு. இது வேறு.

ஜனவரி 8, புதன்

அவர் வேலைக்குப் போன பிறகு அந்த அம்மாள் வீட்டுக்கு நடந்தே போனேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டேன். போனில் எங்கள் வயலைக் காட்டினேன் — போன மாசி, நெல் தாளுக்கு நடுவில் உளுந்து. படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். நெல்லோடு சேர்த்தே விதைப்பாயா என்று கேட்டார். இல்லை, அறுப்புக்கு முன்னால், ஈரம் காய்வதற்குள் என்று கையால் வீசிக் காட்டினேன். காபி கொடுத்தார்.

உங்கள் நிலத்தில் போகிற பாதையையே மூடிவிடுவேன் என்று அன்று கத்தினீர்களே, மூடாமல் விடுவீர்களா என்று கேட்டேன். முடியாது என்றார். சிரித்த முகத்தோடுதான் சொன்னார், ஆனால் முடியாது. நான் என்றாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

ஜனவரி 11, சனி

பாதையை மூடிவிட்டார்கள். வயல்காரர்கள் விட்டால்தான் பாதையாம். அந்த அம்மாள் அனுமதியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பனிவண்டிக் கிளப்பிலிருந்து என் வீட்டுக்காரருக்குப் போன். பேசி முடித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"அடுத்த ஊருக்குப் போற வழியே போச்சு. எல்லாரும் என்னைத்தான் பாக்குறான். இதுல நீ வேற அவங்க வீட்டுக்குப் போயிருக்க. எதுக்கு? நான் இங்க தலை நிமிந்து நடக்கணும் பிரகதி."

"இங்கன்னா? இன்னும் எத்தன வருஷம் நடக்கணும்?"

ஷெட்டுக்குப் போனார், நானும் பின்னாலேயே போனேன். வண்டியின் சறுக்குக் கட்டையில் ஒட்டியிருந்த பனியைத் தட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நான் வரல."

அவ்வளவுதான். பிறகு நிறையப் பேசினார். நீ வந்துடு, அம்மாவையும் கூட்டிக்கலாம், நிலத்தைக் குத்தகைக்கு விட்டுடலாம், மழை வருமா வெயில் வருமா மேட்டூர் திறப்பானா என்று ராத்தூக்கம் கெட்ட பிழைப்பு எனக்கு இனி முடியாது என்றார். எவ்வளவு நாளாகச் சொல்ல நினைத்தீர்கள் என்று கேட்டேன். வந்த முதல் வருடத்திலிருந்தே என்றார். முதல் வருடம்! அதற்கப்புறம்தான் நான் வாய்க்காலில் இறங்கி, மோட்டார் ரூமில் பாம்பை அடித்து, உரத்துக்கு வரிசையில் நின்று, அவர் வந்ததும் ஒப்படைக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் கட்டிக் காத்தது.

கத்துவேன் என்று நினைத்தேன். கத்தவில்லை. பனிவண்டியை ஓங்கி ஒரு உதை விட்டேன். கால் பெருவிரல் வீங்கிவிட்டது.

ஜனவரி 12

கெட்டவர் இல்லை. ஐஸ் வைத்துக் காலைப் பிடித்துவிட்டார். கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம்.

ஜனவரி 14, செவ்வாய்

தை ஒன்று. குக்கரில் பொங்கல். "பொங்கலோ பொங்கல்" சொல்ல இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

வீடு. இன்று உளுந்து தெளித்தோம். நெற்கதிர் இடுப்பு உயரம், கூடையை இடுக்கிக்கொண்டு உள்ளே நடந்தால் கையெல்லாம் கீறுகிறது. முதல் கை விதையை வீட்டு ஆண்பிள்ளை வீச வேண்டும் என்று ஒரு வழக்கம். மூன்று வருடமாக அதற்கென்று அத்தையின் தம்பியைக் காரைக்காலிலிருந்து வரவழைத்தோம். அவரும் கல்யாண மாப்பிள்ளை போல வந்து ஒரு கை வீசிவிட்டுச் சாப்பிட்டுப் போவார்.

இந்த வருடம் நான் சொல்லி அனுப்பவில்லை. நானே வீசினேன். அத்தை வரப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லட்டும், வாங்கிக்கட்டிக்கொள்ளட்டும் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டார். "வர மாட்டேன்னுட்டானா?"

"ஆமா அத்தை."

"என்கிட்டயும் சொல்லல பாரு." அதற்குமேல் சோறு இறங்கவில்லை அவருக்கு. "நீயும் போயிடுவியா?" என்றார்.

எரிந்து விழ நினைத்தேன். அந்த முகத்தைப் பார்த்து முடியவில்லை. இல்லை என்றேன். சொன்ன பிறகுதான் அது எனக்கே முடிவானது.

பிப்ரவரி 6

அறுப்பு முடிந்தது. வண்டியைத் தார்ப்பாயிலிருந்து எடுத்தேன். முதல் உதைக்கே கிளம்பியது. மனிதர்களை விட மேல்.

மார்ச் 30, ஞாயிறு

மதியம் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. எழுத்து எதுவும் இல்லை. பனி கரைந்துவிட்டது. வயல் பச்சைப் பசேல் என்று கிடக்கிறது, நடுவில் பெரிதாக ஒரு பழுப்பு வட்டம், அதற்குள் இன்னொன்று. நான் ஓட்டிய தடம். வெட்கத்தில் காது சுட்டது. ஒரு பிடி பயிருக்காக ஆட்டுக்காரனோடு சண்டை போடுகிறவள் நான்.

உடனே கூப்பிட்டேன். "வயலுக்குள்ள எறங்கினீங்களா?"

"இல்ல. அந்தம்மாகிட்ட கேட்டுட்டு வரப்புல நின்னுதான் எடுத்தேன்."

அங்கே ஏது வரப்பு? நாக்கு மட்டும் இன்னும் இங்கேயே இருக்கிறது. ஆடியில் அறுப்பாம், ரகத்தின் பெயர் என்னவோ சொன்னார், எனக்குப் பிடிபடவில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார். இதை நாலு வருடம் முன்னால் கேட்டிருந்தால் என்ன என்று வாய் வரை வந்தது.

பிறகு, "வண்டிய வித்துடலாம்னு இருக்கேன். உனக்கு அதக் கண்டாலே ஆகல" என்றார்.

"விக்காதீங்க. மார்கழிக்கு வர்றேன். இங்க சேறு, ஓட்ட எடம் கெடையாது. வேற பாதை எங்க இருக்குன்னு பாத்து வைங்க."

"வர்றியா?" குரலே மாறிவிட்டது. ஆசைப்படுகிறார் என்று தெரிந்தது. தெரிந்தே சொன்னேன், ஓட்டத்தான் வருகிறேன், இருக்க வரவில்லை என்று.

பிறகு மெதுவாகக் கேட்டார். "எத்தன நாள் இருப்ப?"

நடுவில் ஒரே ஒரு தடவை ஊருக்கு வந்தாரே, அப்போது வாசலில் பெட்டியை இறக்குவதற்கு முன்னால் நான் கேட்ட அதே கேள்வி.

"பொங்கலுக்கு வீட்டுல இருக்கணும்" என்றேன்.