பவுண்டுக்கு இருபத்தைந்து

கிழக்குத் தாம்பரம்,
12-8-1974

கர்த்தருக்குள் பிரியமான மெட்டில்டா அக்காவுக்கு,

தம்பி ஜெபசீலன் எழுதுவது. நானும் தபீதாளும் பிள்ளைகளும் சுகம். உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது? ஆஸ்பத்திரியில் ஓவர்டைம் பார்க்க வேண்டாம் என்றால் கேட்கமாட்டேன் என்கிறீர்கள்.

அஸ்தினாபுரத்தில் உங்கள் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டாயிற்று. சிமென்ட் கிடைப்பதுதான் பெரிய பேஜார். நீங்கள் அனுப்பிய நாற்பது பவுண்டுக்கு பாங்கில் எழுநூற்றைம்பது சொச்சம் கொடுத்தார்கள். நீங்கள் கப்பலேறிய 65-ல் பவுண்டு பதிமூன்று ரூபாய். மறு வருஷம் ஜூனில் நம் ரூபாயைக் குறைத்தார்கள், ஒரே நாளில் இருபத்தொன்று ஆனது. அதற்கடுத்த வருஷம் உங்கள் ஊர்க்காரர்கள் பவுண்டைக் குறைத்து அதைப் பதினெட்டாக்கினார்கள். இன்னும் பத்தொன்பதைத் தாண்டவில்லை. விலைவாசி மட்டும் நாலு மடங்கு.

நம் சபைக்குப் புதிதாக வந்திருக்கும் எலியேசர் அண்ணன் ஒரு வழி சொல்கிறார். உங்கள் ஊரில் ஒரு மளிகைக்கடையில் பவுண்டைக் கொடுத்துவிட்டால் போதுமாம். இங்கே ரூபாயாக வீட்டுக்கே வந்துவிடும். பவுண்டுக்கு இருபத்தைந்து! நாற்பதுக்கு முழுசாக ஆயிரம். கடை விலாசம் தனிச் சீட்டில் வைத்திருக்கிறேன். யோசித்துச் சொல்லுங்கள்.

அன்புத் தம்பி,
ஜெபசீலன்


பர்மிங்ஹாம்,
8-9-1974

அன்புள்ள சீலனுக்கு,

உன் கடிதம் கண்டேன். இதற்கெல்லாம் சட்டம் இந்த வருஷம் கடுமையாகிவிட்டது என்று எங்கள் வார்டில் இருக்கும் மலையாளி நர்ஸ் சொல்கிறாள். பள்ளிக்கூட வாத்தியார் நீ. உன் வேலைக்கு ஏதாவது வந்தால் என்ன செய்வது?

இருந்தாலும் நீ ஆசையாகக் கேட்டதால் சனிக்கிழமை அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நாற்பது பவுண்டையும் எண்ணி வாங்கி, பருப்பு மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு நோட்டை எடுத்து என் பெயரையும் உன் விலாசத்தையும் எழுதிக்கொண்டார். "ரசீது?" என்றேன். சிரித்தார்.

பணம் வந்தால் உடனே எழுது.

உன் அக்கா,
மெட்டில்டா


கிழக்குத் தாம்பரம்,
2-2-1975

பிரியமான அக்காவுக்கு,

மாசாமாசம் ஆயிரம் தவறாமல் வருகிறது. சுவர் ஜன்னல் மட்டத்துக்கு எழும்பிவிட்டது. நீங்கள் வந்து பார்த்தால் அசந்துபோவீர்கள்.

எலியேசர் அண்ணன் ஒரு உதவி கேட்டார். மற்றவர்களுக்குச் சேரவேண்டிய பணத்தை நம் வீட்டில் ஒன்றிரண்டு நாள் வைத்திருக்க வேண்டும். வாத்தியார் வீட்டை யாரும் சந்தேகப்படமாட்டார்களாம். அதற்குத் தனியாக ஏதோ கொடுக்கிறார். தபீதாளுக்குப் பிடிக்கவில்லை. பீரோ சாவியை என் முன்னால் போட்டுவிட்டு, "இனிமே இதை நீங்களே வெச்சுக்குங்க" என்றாள். பெண்கள் பயப்படுவது சகஜம்தானே.

ஒரு வாரமாக எங்கள் தெருமுனையில் ஒரு ஆள் மோட்டார்சைக்கிளோடு நிற்கிறார். பக்கத்து வீட்டுக்கு வந்தவராக இருக்கும்.

ஜெபசீலன்


பர்மிங்ஹாம்,
6-7-1975

சீலா,

இந்தியாவில் எமர்ஜென்சி என்று இங்கே எல்லாப் பேப்பரிலும் போட்டிருக்கிறான். இராத்திரியோடு இராத்திரியாக ஆட்களைப் பிடிக்கிறார்களாமே. இதோடு போதும். அந்தப் பணம் எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது. எலியேசரிடம் சொல்லிவிடு. நான் இனி பாங்கிலேயே அனுப்புகிறேன். இங்கே பவுண்டும் இறங்கிக்கொண்டே போகிறது. கிடைப்பது கிடைக்கட்டும். என் வீடு ஓலைக் கூரையோடு நின்றாலும் பரவாயில்லை.

மூன்று வரியாவது எழுது. உன்னிடமிருந்து கடிதம் வந்து இரண்டு மாசம் ஆகிறது.

அக்கா


கிழக்குத் தாம்பரம்,
19-8-1975

அக்காவுக்கு,

எலியேசர் அண்ணனை அழைத்துப் போய்விட்டார்கள். எங்கே என்று அவர் மனைவிக்கே சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா கோயிலுக்கு வந்தார்கள். அவர்கள் உட்கார்ந்த பெஞ்சில் யாரும் போய் உட்காரவில்லை. நானும் போகவில்லை.

உங்கள் போன கடிதம் பிரித்து ஒட்டப்பட்டிருந்தது. தயவுசெய்து இனி பணத்தைப் பற்றி ஒன்றும் எழுதாதீர்கள்.

ஜெ.


அஸ்தினாபுரம்,
16-11-1975

அக்கா,

இதை எழுத ஒரு மாசமாக முயற்சி செய்கிறேன். வேறொருவர் மூலம் பம்பாயிலிருந்து தபாலில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபரில் அதிகாரிகள் நாலு பேர் வந்தார்கள். அரிசிப் பானையைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தார்கள். உங்கள் கடிதங்களை எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிப்போனார்கள். இரண்டு நாள் நாற்காலியிலேயே உட்காரவைத்தார்கள். அடிக்கவில்லை. ஒருவர் டீ வாங்கிக்கொடுத்து, "அனுப்பினது உங்க அக்கா. வீடு அவங்க பேர்ல. யாருக்காக சார் நீங்க ஜெயிலுக்குப் போகணும்? வேலை போயிடும். பிள்ளைங்க இருக்கு" என்றார்.

நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஏற்பாடு எல்லாம் உங்களுடையது, அக்கா சொன்னதைத்தான் செய்தேன், வேறொன்றும் தெரியாது என்று எழுதிக்கொடுத்திருக்கிறேன். வெளியே விட்டுவிட்டார்கள். நீங்கள் வந்து இறங்கினால் மீனம்பாக்கத்திலேயே பிடிப்பார்களாம். அதனால் இப்போதைக்கு வராதீர்கள். நீங்கள் அங்கே பத்திரமாகத்தானே இருக்கிறீர்கள், உங்களுக்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்துத்தான் எழுதினேன்.

உங்கள் வீட்டுக்கு எப்படியோ கூரை போட்டாயிற்று. பூட்டிவைத்தால் ஜப்தி செய்துவிடுவார்கள் என்று பயந்து நாங்கள் இங்கே குடிவந்துவிட்டோம். முன் அறையைத் தபீதாள் உங்களுக்கென்று விட்டுவைத்திருக்கிறாள்.

மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள்.

சீலன்


பர்மிங்ஹாம்,
7-12-1975

ஜெபசீலனுக்கு,

உன் கடிதத்தை வார்டில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு எட்டு பேருக்கு ஊசி போட்டேன். ஒன்றும் தவறவில்லை.

உன் பி.டி. வாத்தியார் படிப்புக்குப் பணம் அனுப்பும்போது பவுண்டு என்ன விலை என்று நான் பார்க்கவில்லை. அந்த மளிகைக்கடைக்கு உனக்காகத்தான் போனேன். ஆனாலும் போனது என் கால்கள்தான். அதை மறைக்கமாட்டேன். எத்தனை தடவை, எவ்வளவு, யார் சொல்லிப் பணம் கொடுத்தேன் என்று அதிகாரிகள் கேட்டால், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லப்போகிறேன். எலியேசர் அடைபட்டுக் கிடக்கிறான், அவன் மனைவி தனி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், நான் இந்த ஊரிலேயே செத்துப்போக வேண்டும், நீ முன் அறையைப் பெருக்கி வைத்திருப்பாய். இந்த ஏற்பாட்டுக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை.

உன் கடிதங்கள் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை அவர்களிடம் காட்ட எனக்கு மனமில்லை. அதற்கு முன்னால் நீயே போய் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடு. இதைத் தபீதாளுக்கும் படித்துக் காட்டு.

டிக்கெட் வாங்கிவிட்டேன். பம்பாயில் விமானம் மாறி, ஜனவரி மூன்றாம் தேதி சாயந்திரம் மீனம்பாக்கத்தில் இறங்குகிறேன். அன்றைக்கு நீ வெளியே மற்றவர்களோடு நிற்பாயா, உள்ளே அவர்களோடு நின்று என்னை அடையாளம் காட்டுவாயா என்று எனக்குத் தெரியவில்லை.

மெட்டில்டா