துணி துவைக்க வந்தவள்

அண்ணா,

"அம்மாவுக்குத்தான் யாரையும் அடையாளம் தெரியலையே, போய்ப் பார்த்து என்ன ஆகப்போகுது?" என்று போனில் கேட்டாயே, முதியோர் காப்பக மேலாளரும் அதையேதான் சொன்னார். தொற்று அடங்கும்வரை உறவினர்கள் ஜன்னலுக்கு வெளியேதான் நிற்க வேண்டுமாம். ஐந்து மாதம் நின்றேன். அம்மா கண்ணாடியைத் தட்டித் தட்டி அழுததுதான் மிச்சம்.

வேலையாட்கள் மட்டும் தினமும் உள்ளே போய் வருகிறார்கள். அதனால் போன வாரம் அங்கேயே துணி துவைக்கச் சேர்ந்துவிட்டேன். மகள் வந்தால் தொற்றுமாம், வேலைக்காரி வந்தால் தொற்றாதாம்!

இன்று அம்மாவின் தலை சிக்குப் பிடித்துக் கிடந்தது. உட்கார வைத்து வாரிவிட்டேன்.

"யாரும்மா நீ?"

"இங்க வேலை செய்றேம்மா."

என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "வெளிய மட்டும் போயிடாத. அப்புறம் உன்னையும் உள்ள விடமாட்டாங்க."

வேலை நேரம் முடிந்தும் நான் இன்னும் அம்மா பக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. மேலாளர் வந்து கேட்கட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

உன் தங்கை