விடு

என் கண்ணுக்கு, அம்மா எழுதுவது.

நீயும் மருமகளும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள், இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. அந்த வரியைத் தாண்டி மேலே எழுதுகிறேன்.

ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். சிரி. ஃபோனில் நான் எதை ஆரம்பித்தாலும் பாதியிலேயே "சரி, அதை விடும்மா" என்கிறாய். கோபத்தில் சொல்வதில்லை, அம்மா மனசு கஷ்டப்படக் கூடாது என்றுதான் சொல்கிறாய், எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தையைக் கேட்டதும் பேச்சை மாற்றிவிடுகிறேன். காகிதம் குறுக்கே பேசாது, அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்திகள். குளியலறைக் குழாய் ஒழுகியது நின்றுவிட்டது. நீ அனுப்பிய சக்கர நாற்காலி கதவில் இடிக்காமல் போகிறது. என் மணிக்கட்டுக் கட்டைப் பிரித்துவிட்டார்கள், பாட்டில் மூடி திறக்கும்போதுதான் வலிக்கிறது. அப்பாவின் வலது காலில் கொஞ்சம் உணர்ச்சி வந்திருக்கிறதாம். வலது கை அப்படியேதான், ஈரத் துண்டு மாதிரி தொங்குகிறது.

நல்ல செய்திகள் அவ்வளவுதான். இனி ஜெர்மன்காரன் விஷயம்.

நீ விமானம் ஏறிய கொஞ்ச நாளில் அவன் வந்தான். அப்பா லிஃப்ட் பழுது பார்க்கப் போன வீட்டில் நாய் குட்டி போட்டிருந்தது. திரும்பி வரும்போது அவருடைய கருவிப் பையிலிருந்து பழுப்புத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது. ஜெர்மன் ஷார்ட்ஹேர்டு பாயின்டர் என்று மூச்சு விடாமல் சொல்லிக் காட்டினார். எனக்கு அது வாயில் நுழையவில்லை. ஜெர்மன்காரன் என்றேன், கட்டடம் முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. வேட்டைக்கென்றே வளர்த்த ஜாதி, பறவை இருக்கும் இடத்தைக் காட்டும், மோப்பம் பிடித்துத் தேடும், தண்ணீரில் குதித்தும் எடுத்து வரும், "ஒரு நாய்க்குள்ள மூணு நாய் இருக்கு" என்று அப்பா பெருமையடித்தார். தின்பதும் மூன்று நாய் தீனிதான் என்று நான் சொன்னேன். நம் வீட்டில் வேட்டையாட என்ன இருக்கிறது? பால்கனியில் புறா வந்து உட்கார்ந்தால் முன்னங்கால் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, வாலை நீட்டிக்கொண்டு அப்படியே நிற்பான். நான் துணி காயப்போட முடியாமல் வாளியோடு பின்னால் நிற்பேன். மற்ற நேரமெல்லாம் அவனுக்கு யாராவது ஒருவர் காலடி வேண்டும். நான் குளித்தால்கூடக் கதவுக்கு வெளியே படுத்துப் பெருமூச்சு விடுவான்.

அப்பா தினமும் காலையில் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய் ஓட விட்டார், எறிவதை எடுத்து வரப் பழக்கினார். எதையும் பல் படாமல் கவ்வி வருவான். ஒரு நாள் என் சமையலறை முட்டையை அவன் வாயில் கொடுத்து ஹாலைச் சுற்ற வைத்தார். நான் சண்டைக்குக் கிளம்புவதற்குள் அப்பா "விடு" என்றார். முட்டை கீறல் விழாமல் அவர் உள்ளங்கையில் இருந்தது. அந்த ஒரு சொல்லுக்குத்தான் அவன் கட்டுப்படுவான். உட்கார், நில், வா எல்லாம் ஐயா இஷ்டம்.

பக்கவாதம் வந்த பிறகு அப்பா வாயில் மிஞ்சியதும் அதே சொல்தான். நீயே ஃபோனில் கேட்டிருக்கிறாய். சிலருக்கு இப்படி ஒரே சொல் தங்கிவிடும், எதைச் சொல்ல நினைத்தாலும் அதுவே வாயில் வரும் என்று பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் சொன்னாள். தண்ணீர் வேண்டுமென்றாலும் விடு. வெளிச்சம் கண்ணைக் கூசினாலும் விடு. என்னிடம் ஏதோ ஆசையாகச் சொல்ல வந்தாலும் விடு. இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு முகத்தைப் பார்த்தாலே புரியாதா என்கிறார்கள். பாதி புரிகிறது. மீதிக்குத் திருதிருவென்று விழிக்கிறேன்.

ஜெர்மன்காரன் பாடு அதைவிடத் திண்டாட்டம். "விடு" என்று காதில் விழுந்ததும் ஓடி வருவான். வாயில் ஒன்றும் இருக்காது, எதை விடுவான்? திரும்ப ஓடி, அகப்பட்டதைக் கவ்விக்கொண்டு வந்து அப்பா மடியில் வைப்பான். செருப்பு, தலையணை உறை, வெங்காயம், டி.வி. ரிமோட். வைத்துவிட்டு, இதுதானா என்பது போல் முகத்தைப் பார்ப்பான். அப்பா மறுபடி "விடு" என்பார். மறுபடி ஓடுவான். ஒரு நாள் மடி நிறைந்து தரையெல்லாம் சாமான். அப்பா கேட்டதோ தண்ணீர். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நான் நின்றேன். அப்பா சிரித்தார், பாதி முகத்தால். வியாதி வந்த பிறகு நான் பார்த்த சிரிப்பு அதுதான்.

அவனை ஓட விட ஆளில்லை என்பதும் பொய்யில்லை. ஓட்டம் இல்லாமல் சோபாவின் ஒரு கையைப் பிய்த்துப் பஞ்சாக்கிவிட்டான். நான் கூட்டிப்போனேன், படியில் இழுத்துத் தள்ளினான், என் மணிக்கட்டு போயிற்று. நீ வீடியோவில் கட்டைப் பார்த்துப் பதறி, உன் சிநேகிதனுக்குத் தெரிந்த பண்ணைக்காரரிடம் பேசி ஏற்பாடு செய்தாய். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "விடும்மா, நான் பாத்துக்கறேன்" என்றாய். சரியென்றேன். உன்மேல் குறையில்லை. என்ன சொல்ல வந்தேன் என்று எனக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பண்ணைக்காரர் வேனோடு வந்தார். நல்ல மனிதர். வந்ததும் கயிற்றை நீட்டாமல் தரையில் உட்கார்ந்து, கையை முகர்ந்து பார்க்க விட்டார். பண்ணையில் குளம் இருக்கிறது, நாள் முழுக்க ஓடலாம் என்றார். ஜெர்மன்காரனும் வாலை ஆட்டினான். எல்லாம் நல்லபடியாகவே போயிற்று, கயிற்றை மாட்டி வாசல் பக்கம் திருப்பும்வரை. அதற்குப் பிறகு அவன் நகரவில்லை. நாற்காலிக்கு ஓடி, அப்பாவின் வலது சட்டைக் கையைக் கவ்விக்கொண்டான். பல் படவில்லை, முட்டையைக் கவ்வியது போலத்தான். பண்ணைக்காரர் கயிற்றை இழுக்க, அவன் சட்டையை இழுக்க, அப்பாவின் கை மேலே வந்தது. இத்தனை மாதம் கட்டை மாதிரிக் கிடந்த கை, தோள் வரைக்கும் உயர்ந்து நின்றது, கண்ணா. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அப்பா "விடு" என்றார்.

அவன் உடனே வாயைத் திறந்தான். கை தொப்பென்று மடியில் விழுந்தது. "பாருங்கம்மா, ஐயாவே சொல்லிட்டார்" என்று அந்த மனிதர் அவனைக் கூட்டிக்கொண்டு போனார். லிஃப்ட் கதவு மூடும்போது அப்பா இன்னும் இரண்டு முறை விடு, விடு என்றார். கேட்க நான் மட்டும்தான் இருந்தேன்.

அதை யாரிடம் சொன்னார்? சட்டையை விடு என்று அவனிடமா? கயிற்றை விடு என்று வந்தவரிடமா? போகட்டும் விடு என்று என்னிடமா? போகச் சொன்னீர்களா என்று கேட்டேன், தலையாட்டினார். போகக் கூடாது என்றீர்களா என்று கேட்டேன், அதற்கும் தலையாட்டினார். வேறு எதையோ சொல்ல வந்து அந்தச் சொல் வந்ததோ என்னவோ, அதுவும் எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து அப்பா வாயே திறக்கவில்லை. இருந்த ஒரு சொல்லும் போய்விட்டது. பயிற்சிப் பெண் எவ்வளவோ சொல்லிப் பார்க்கிறாள், உதட்டை இறுக்கிக்கொள்கிறார். இப்போது நான்தான் தண்ணீர், கண்ணாடி, ரிமோட் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்து முகத்தைப் பார்க்கிறேன்.

அவனைத் திருப்பி வாங்கித் தா என்று நான் கேட்கவில்லை. வந்தால் யார் ஓட விடுவது, மறுபடி நான் விழுந்தால் இவரை யார் பார்ப்பது? வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை. அந்தப் பண்ணைக்காரர் நம்பர் உன்னிடம்தான் இருக்கிறது. ஒரே ஒரு தடவை அவனைக் கூட்டி வந்து அப்பா முன்னால் நிறுத்தச் சொல். அவர் வாய் திறக்கிறாரா பார்ப்போம். லீவு கிடைத்தால் அன்றைக்கு நீயும் வந்து பக்கத்தில் நில். தனியாகக் கேட்க எனக்குத் தைரியமில்லை.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரிந்து, நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும். இதைப் படித்ததும் ஃபோன் செய்வாய். செய். முடியாது என்று சொல், திட்டு, என்ன வேண்டுமானாலும் சொல். அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லாதே.

உன் ஃபோனுக்காகக் காத்திருக்கும்,
அம்மா