மிசின்முனியின் மஞ்சள் முடிச்சு

ஜனவரி 11, ஞாயிறு

பிள்ளைக்காம்பராவுக்கு வந்த பால்மாப் பெட்டிகளை மண்சரிவுக்கு அந்தப் பக்கமே இறக்கிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நானும் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் சதீஸ்குமாரும் மண்மேட்டில் ஏறி இறங்கித் தலையில் சுமந்து வந்தோம். முழங்கால்வரை சேறு. கார்த்திகை மழையில் பாதையில் விழுந்த மண் இது. ஆறு வாரமாகிறது. அதிகாரிகள் வந்து பார்த்து, இனி மேலேயிருந்து சரியாது, அள்ளலாம் என்று எழுதியும் கொடுத்துவிட்டார்கள். அள்ளத்தான் மிசின் இல்லை. பன்வில பக்கத்துப் பெக்கோக்கள் எல்லாம் பெரிய பாதைகளில் நிற்கின்றன. வரிசையில் எங்கள் மேல்டிவிஷன் முப்பத்தோராவதாம்.

தோட்டத்துத் துரை இன்று சரிவின் மறுகரையில் நின்றபடியே சத்தம்போட்டுச் சொன்னார். பெப்ரவரி முடிவதற்குள் கொழுந்து லொறி மேலே வராவிட்டால் இங்கே வேலையை நிறுத்திவிட்டு எல்லோரையும் கீழ்டிவிஷனுக்கு மாற்றப்போகிறார்களாம். அப்படியானால் பிள்ளைக்காம்பராவுக்கும் பூட்டு. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பதினைந்து வருடமாக நான் பார்த்துக்கொள்ளும் இடம். என் பதினொரு பிள்ளைகளும் எங்கே போவார்கள்? நான் எங்கே போவேன்?

சாப்பிடும்போது இவரிடம் புலம்பினேன். பெக்டரியில் பிட்டர் வேலை பார்க்கிற மனுஷன், எதையும் பத்து நிமிடம் யோசிக்காமல் பேசமாட்டார். யோசித்துவிட்டு, "நம்மகிட்டயே ஒரு மிசின் இருக்கே" என்றார்.

"எது?"

"முனி."

கையிலிருந்த அகப்பை விழுந்துவிட்டது.

ஜனவரி 13, செவ்வாய்

குண்டசாலையிலிருந்து பவாஸ் நானாவை இவர் கூட்டிவந்தார். பெரிய மிசின்கள் திருத்துவதில் கெட்டிக்காரராம். மேல்வளைவில் நிற்கும் எங்கள் செயின் லோடரைச் சுற்றிச் சுற்றி வந்தார். இரும்புச் சங்கிலியில் ஊர்ந்துபோய் முன்வாளியால் மண் அள்ளும் மிசின் அது. நான் வாழ்க்கைப்பட்டு வருவதற்கு முன்பே பழுதாகி அங்கே நின்றுவிட்டது. நின்ற மறுநாளே மேட்டிலிருந்து உருண்டுவந்த பாறை அதில் முட்டி நின்றதாம். கீழே இருந்த வீட்டு வரிசைகள், நாலு லயமும் தப்பின. அன்றிலிருந்து அது சாமி. பெக்டரிச் சக்கரங்களுக்குக் காவல் ரோதைமுனி என்றால் எங்களுக்கு மிசின்முனி. வாளிக்குள் சூலம் நிற்கிறது. வேண்டுதல் உள்ளவர்கள் மஞ்சள் துணியில் காசு முடிந்து கம்பி, குழாய், இருக்கை என்று ஓரிடம் விடாமல் கட்டியிருக்கிறார்கள்.

நானா ஏறப்போனபோது, "செருப்பு, செருப்பு" என்று கத்திவிட்டேன். பாவம், சப்பாத்தைக் கழற்றிக் காலுறையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு ஏறினார். ஒரு மணிநேரம் தட்டினார், முகர்ந்தார், காதை வைத்துக் கேட்டார்.

"அக்கா, இது மௌத்தாகல்ல. ஓட வெக்கலாம். ஆனா இந்த முடிச்செல்லாம் ஈக்கக்குள்ள நான் வேலைய தொடங்கமாட்டேன். எங்கட ஆக்களும் நேர்ச்சை வெக்கிறதுதான். மத்தவன்ட நேர்ச்சையில கை வெக்க ஏலாது."

எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. பயமும் வந்தது. ஏனென்றால் அதில் ஒரு முடிச்சு என்னுடையது.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

சின்னமுத்துப் பூசாரி தீர்ப்புச் சொல்லிவிட்டார். சூலத்தைப் பக்கத்துக் கல்லுக்கு மாற்றலாம். முடிச்சை அவரவர்தான் அவிழ்க்க வேண்டும். வேண்டுதல் நிறைவேறியிருந்தால் பேசாமல் அவிழ்க்கலாம். நிறைவேறாவிட்டால், என்ன வேண்டினோம் என்று எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லித்தான் அவிழ்க்க வேண்டும். இல்லாவிட்டால் முனி கோபித்துக்கொள்ளுமாம். எனக்கென்று எங்கிருந்துதான் இந்தச் சட்டமெல்லாம் வருகிறதோ!

ரத்தினம்மா காலையில் பொங்கல் கிண்ணத்தோடு வாசலில் வந்து நின்றாள். இவருடைய அக்கா, எனக்கு நாத்தனார். ஒரே லயம், பக்கத்துக் காம்பரா, இடையில் ஒரு சுவர். நாலு வருடமாக அவளும் நானும் பேச்சில்லை. "பால் பொங்கிச்சா?" என்று கேட்டாள். தம்பியைத்தான் கேட்கிறாள். நான் உள்ளே போய் ரேடியோவைச் சத்தமாகக் கூட்டி வைத்தேன். "பொங்கிச்சுக்கா" என்று இவர் பதில் சொன்னது கேட்டது.

பொங்கல் ருசியாக இருந்தது. அதற்கு நான் என்ன செய்ய?

ஜனவரி 18, ஞாயிறு

சிரித்துச் சிரித்து விலா நோகிறது. இன்று அவிழ்க்க நாற்பத்துமூன்று முடிச்சு! சதீஸ்குமாரின் வேண்டுதல், கீழ்டிவிஷன் பந்துவீச்சாளனுக்குக் கால் சுளுக்க வேண்டும் என்பது. அந்தப் பையன் கூட்டத்தில்தான் நின்றான். "அண்ணே, நீங்களா?" என்று கேட்டான். பூசாரிக்கே ஒன்று இருந்தது. பல்வலி போனால் வெற்றிலையை விடுவதாக வேண்டியிருக்கிறார். வலி போய்விட்டது, வெற்றிலை போகவில்லை. எல்லோரும் கேட்டதால் சொன்னார்; சொல்லும்போதும் மென்றுகொண்டுதான் இருந்தார்.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. இருக்கைக்கு முன்னால், பலகையிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய கம்பியில். "இது யாரோடது?" என்று பூசாரி மூன்று தடவை கேட்டார். நான் என் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எப்படிச் சொல்வேன்? "ரத்தினம்மா தானாக வந்து முதலில் பேச வேண்டும், அதுவரை நான் வாய் திறக்கமாட்டேன்" என்று வேண்டிக் கட்டியது அது. நாலு வருடத்துக்கு முன் அவள் மகள் சடங்குக்கு நான் கொண்டுபோன கத்தரிப்பூ நிறச் சேலையைச் சபையில் விரித்து, "இது நான் ஒனக்குக் குடுத்ததாச்சே சுந்தரி" என்றாள். நூறு பேர் சிரித்தார்கள். அது உண்மைதான் என்பது வேறு விஷயம். மறதியாகக் கொடுத்துவிட்டேன். அதைக் காதோடு சொன்னால் என்ன குறைந்துபோகும்?

முடிச்சின் சொந்தக்காரர் கொழும்பில் இருக்கலாம் என்று பூசாரியே முடிவுசெய்தார். "அது ஒரு மூலையில ஈக்கி, அதுல படாம வேலை செய்றேன்" என்றார் நானா. அப்பாடா. ஒரு முடிச்சு இருந்தால் மிசின் ஓடாமலா போய்விடும்?

ஜனவரி 21, புதன்

சங்கிலிக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு கொய்யாமரம் வளர்ந்திருந்தது. வெட்டினார்கள். காயெல்லாம் என் பிள்ளைகளுக்கு.

ஜனவரி 22, வியாழன்

பதினொன்றில் ஏழு பேருக்கு வயிற்றுவலி.

ஜனவரி 26, திங்கள்

என்ஜின் இறுகிப்போயிருக்கிறதாம். நானா சிலிண்டர்களுக்குள் டீசலும் ஒயிலும் கலந்து ஊற்றி ஊறவைத்திருக்கிறார். தினமும் இவர் போய்க் கடப்பாரையால் ஒரு நெம்பு நெம்பிவிட்டு வேலைக்குப் போகிறார். "ஊறுகா மாதிரி அக்கா. அவசரப்பட்டா பழுதாகும்" என்றார் நானா. காற்று வடிகட்டியைத் திறந்தால் எலிக்கூடு. அதற்குள் யாருடையதோ ரவிக்கைத் துண்டு.

பெப்ரவரிக்கு இன்னும் ஐந்து நாள். லொறி வர முப்பத்துமூன்று நாள். விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

பெப்ரவரி 1, ஞாயிறு

அசைந்தது! ஒரு விரற்கடைதான். ஆனால் அசைந்தது. பூசாரி தேங்காய் உடைத்துவிட்டார். இதற்கே தேங்காய் என்றால் ஓடும்போது எதை உடைப்பாரோ.

பெப்ரவரி 5, வியாழன்

டீசல் பம்பைக் கழற்றிக் கண்டிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். இவர் அதைத் துவாயில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்துச் சரிவைத் தாண்டினார். எங்கள் மகன் பிறந்தபோதுகூட இவ்வளவு பக்குவமாகத் தூக்கவில்லை.

பெப்ரவரி 10, செவ்வாய்

பம்ப் திருந்தி வந்துவிட்டது. வெடித்த ஒயில் குழாய்களுக்குப் பதில் புதுக் குழாய்கள். பெட்டரி இரண்டும் மறுகரையில் சும்மா நிற்கும் கொழுந்து லொறியில் கழற்றியவை. டிரைவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கொடுத்தார். இரண்டு நாளில் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமாம்.

பெப்ரவரி 12, வியாழன்

ஓடவில்லை. சுற்றுகிறது, உறுமுகிறது, பற்றிக்கொள்ளவில்லை. பிள்ளைகளைக் காதைப் பொத்தச் சொல்லி வரிசையாக நிறுத்தியிருந்தேன். கால்மணி நேரம் பொத்திக்கொண்டே நின்றார்கள்.

பெப்ரவரி 16, திங்கள்

பம்ப்வரைக்கும் டீசல் வருகிறது. அதற்கு அப்பால் ஒரு சொட்டுப் போகவில்லை. நானா மூன்று நாளாக அதோடுதான் மல்லுக்கட்டுகிறார். பம்பைத் திரும்பக் கண்டிக்கு அனுப்பினால் இன்னும் பத்துநாள். பத்துநாள் போனால் மண் அள்ள நாள் இல்லை. யாரும் சிரிப்பதில்லை இப்போது. கீழ்டிவிஷனில் காம்பரா பார்க்கச் சிலர் போய்வந்துவிட்டார்கள்.

பெப்ரவரி 18, புதன்

ஐயோ. ஐயோ. என்னத்த எழுதுறது.

மத்தியானம் நானா பம்பிலிருந்து ஒரு கம்பியைக் கையால் தடவிக்கொண்டே போனார். அது சட்டத்துக்கு அடியில் வளைந்து வளைந்து இருக்கைப் பலகைக்கு வந்தது. அங்கே அந்த முடிச்சு.

"யா அல்லாஹ்! இதுதான் என்ஜின நிப்பாட்டுற கம்பி. இழுத்தா நிக்கும், உள்ளுக்குத் தள்ளினா ஓடும். இந்த முடிச்சு தள்ள உடாம புடிச்சிட்டு ஈக்கி. நான்தான் முட்டாள். கம்பி இருந்த மாதிரியே பம்போட கொளுவிட்டேன்."

"வெட்டிருங்க" என்றான் சதீஸ்குமார். நானா பிளேடை எடுக்கவே இல்லை. பூசாரியைப் பார்த்தார். பூசாரி தலையை ஆட்டினார். "சொந்தக்காரங்க வரட்டும்." எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ரத்தினம்மா என்னைப் பார்த்தாளா, எனக்கு அப்படித் தோன்றியதா?

நான் வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். இத்தனை பேர் உழைப்பு, என் பதினொரு பிள்ளை, இந்த டிவிஷன் முழுக்க — எல்லாம் என் ரோசத்துல தொங்குது! ஆனா சபையில போய் எப்படிச் சொல்லுவேன்? மறுபடி சிரிக்கமாட்டாங்களா? அவ முன்னாலயா?

இவர் தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்தார். பத்து நிமிடம் யோசித்தார்.

"அது மஞ்சள்ல முக்கின என் பழைய வேட்டிக் கரை. மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"எனக்கு ரெண்டு பேரும் வேணுமே" என்றார்.

அழுதுவிட்டேன்.

பெப்ரவரி 19, வியாழன்

காலையில் குளித்துவிட்டு நேரே மேல்வளைவுக்குப் போனேன். வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் நின்றார்கள். ஏறி, இருக்கையில் உட்கார்ந்து, முடிச்சில் கையை வைத்தேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சத்தமாகச் சொன்னேன்.

"முனியே, இது என்னோடது. ரத்தினம்மா மதினி தானா வந்து மொதல்ல என்கிட்ட பேசணும்னு வேண்டிக்கிட்டேன். அது நடக்கல. நானே பேசுறேன். மன்னிச்சிரு."

கூட்டத்தின் பின்னாலிருந்து மதினியின் குரல்.

"நடக்கலன்னு யாருடி சொன்னா? பொங்கலன்னைக்கு ஒன் வாசல்ல வந்து, 'பால் பொங்கிச்சா'ன்னு நான் கேக்கல? ரேடியோவ கூட்டி வச்சது யாரு?"

"அது... அவரத்தானே கேட்டீங்க?"

"அடுப்புல பொங்குற பால ஆம்பளகிட்டயா கேப்பாங்க? ஒன்னத்தான் கேட்டேன்!"

கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீரோடு. பூசாரி கையை உயர்த்தித் தீர்ப்புச் சொன்னார். வேண்டுதல் ஒரு மாதத்துக்கு முன்பே நிறைவேறிவிட்டதாம், நான் இத்தனையும் சொல்லியிருக்கவே வேண்டாமாம். இதை முதலில் சொல்லக்கூடாதா மனுஷா?

முடிச்சு இறுகிப்போயிருந்தது, என் நகம் உடைந்தது. மதினி ஏறிவந்து பல்லால் கடித்து இளக்கிக் கொடுத்தார். மிச்சத்தை நான் அவிழ்த்தேன். நானா கம்பியை உள்ளே தள்ளினார். டக் என்று போனது. சாவியைத் திருப்பினார். முதலில் வெள்ளைப் புகை, பிறகு கரும்புகை, பிறகு புகைபோக்கியிலிருந்து ஒரு குளவிக்கூடு பறந்துபோய்ச் சதீஸ்குமாரின் காலடியில் விழுந்தது. நல்லவேளை, வெறுங்கூடு. பிறகு அந்தச் சத்தம்! தரை நடுங்கியது. பிள்ளைகள் காதைப் பொத்த மறந்து கைதட்டினார்கள். நானா இருக்கையில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்து என்னவோ முணுமுணுத்தார். பூசாரி உடைத்தது பூசணிக்காய்.

பெப்ரவரி 22, ஞாயிறு

மிசின் சங்கிலி கிரீச்சிட ஊர்ந்து இறங்கிச் சரிவுக்குப் போய்விட்டது. நாளெல்லாம் அதன் சத்தம்தான். மதினியும் நானும் மண் அள்ளுகிறவர்களுக்குச் சேர்ந்து சமைக்கிறோம். உப்பில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

பெப்ரவரி 27, வெள்ளி

பதினொன்றேகாலுக்குக் கொழுந்து லொறி மேலே வந்தது. பெட்டரி திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் டிரைவர் ஹோர்னை விடவே இல்லை. துரையும் அதில்தான் வந்தார். பிள்ளைக்காம்பராவை எட்டிப் பார்த்து, கூரையில் ஒழுகும் தகரத்தைக் காட்டி, மழைக்கு முன் மாற்ற வேண்டும் என்று எழுதிக்கொண்டார். மூடப்போகிற இடத்துக்கு யாராவது தகரம் மாற்றுவார்களா?

மார்ச் 6, வெள்ளி

முனி மேல்வளைவுக்குத் திரும்பியாயிற்று. வேலை இருக்கும் நாளில் மிசின், வெள்ளிக்கிழமையில் சாமி என்று பூசாரியும் நானாவும் பேசி ஒத்துக்கொண்டார்கள். புது முடிச்சுகள் தொங்கத் தொடங்கிவிட்டன. அந்த ஒரு கம்பிக்கு மட்டும் நானா சிவப்புப் பெயின்ட் அடித்து, "இதில் கட்ட வேண்டாம்" என்று தமிழில் எழுதிவைத்திருக்கிறார். எல்லோரும் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

பூசைக்குக் கிளம்பும்போது மதினி ஒரு பொட்டலத்தோடு வந்தார். "இந்தா, ஒனக்குத்தான்." பிரித்தேன். அதே கத்தரிப்பூ நிறச் சேலை. மடிப்புக்கூடக் கலையவில்லை.

"இது நான் ஒங்களுக்குக் குடுத்ததாச்சே மதினி" என்று காதோடு சொன்னேன்.

கட்டிக்கொண்டுதான் பூசைக்குப் போனேன். மடிப்பு கலைய நாள் எடுக்கும்போல, நல்ல மொடமொடப்பு.