பெயிண்ட் படக்கூடாத மூன்று கட்டிகள்

அக். 7, செவ்வாய்

காலையிலேயே வெயில். ஏரவாடாவில் எங்கள் சந்தில் தண்ணீர் வரவில்லை. குளிக்காமலே கராடிக்கு, படகு ரிப்பேர் ஷெட்டுக்கு.

அலிபாக் கடலுக்குப் போகும் படகு. வெள்ளி காலை கிளம்பியாக வேண்டும். என் பங்கு எஞ்சினின் அலுமினியக் கால், கடலுக்குள் இருக்கும் பாகம். பழைய பெயிண்டை நனைத்து நனைத்துத் தேய்த்தேன். பாசி, சிப்பி ஒட்டாமலிருக்க அதில் கலந்த விஷம் மூக்கில் ஏறுகிறது. மாஸ்க் கேட்டேன். "கர்ச்சீப் இல்லையா?" என்றார் ஷெட் முதலாளி சேட், ஏசி கேபினிலிருந்து.

அக். 8, புதன்

ப்ரைமர் இரண்டு கோட். காலில் மூன்று துத்தநாகக் கட்டிகள். கடல் முதலில் இவற்றைத்தான் தின்னும், அலுமினியம் தப்பும். மேலே பெயிண்ட் பட்டால் கட்டி இருந்தும் இல்லாத மாதிரி, கடல் நேராக அலுமினியக் காலை அரிக்கும். டேப் ஒட்டி மறைத்தாயிற்று.

வாங்க: உப்புத்தாள், டேப், அம்மா மாத்திரை.

அக். 9, வியாழன்

அம்மாவோடு ஆஸ்பத்திரி. மதியம் ஷெட்டுக்குப் போனால் கால் முழுக்கப் பளபளவென்று கறுப்பு. கட்டிகளும் கறுப்பு. அடித்தது தாஸ். எங்கள் சந்துக்காரன், வேலைக்கு வந்து ஒரு மாதம்.

"சேட்தான்டா டேப்ப பிச்சாரு. நாளைக்கு பூஜை, போட்டோ, ஒரு எடங்கூட சாம்பலா தெரியக் கூடாதுன்னாரு. எனக்கு என்னடா தெரியும்?"

சேட்டிடம் போய்ச் சொன்னேன். "சுப்! வாயை மூடு. அதில் கை வைக்காதே. ஏதாவது ஆனால் பெயிண்ட் அடித்தவன் வேலையை விட்டு வீட்டுக்குப் போவான்."

தாஸ் டீயைக் குடிக்கவே இல்லை.

அக். 10, வெள்ளி

தேங்காய், சாமந்தி மாலை, படகின் ஓனர் குடும்பத்தோடு போட்டோ. படகை இழுக்கும் ஜீப்பை ஓட்டுவது சலீம் பாய். கடலில் அதை ஓட்டப்போவதும் அவர்தான். நடுக்கடலில் கால் விட்டுப்போனால் மாட்டுவது அவர், சேட் அல்ல. படகைக் கடலில் இறக்க உதவிக்கு நான். சட்டைப்பையில் உப்புத்தாள்.

ஹிஞ்சேவாடியில் ஜாம். குதித்துப் பின்னால் ஓடித் தேய்த்தேன். முதல் கட்டி வெள்ளையாகப் பளிச். இரண்டாவதும். பக்கத்தில் நின்ற கம்பெனிக் காரிலிருந்து ஒருத்தன் தமிழில், "இவனுங்களாலதான்டா லேட்டு."

"முன்னாடி நூறு கார் நிக்குது, அதப் பாருங்க சார்," என்றேன். கண்ணாடி ஏறியது.

பாய் இறங்கி வந்துவிட்டார். கறுப்பாக இருந்த மூன்றாவது கட்டியைப் பார்த்தார். விளக்கவே வேண்டியிருக்கவில்லை. யார் அடித்தது என்று இந்தியில் கேட்டார்.

"நான்."

கையிலிருந்து தாளைப் பிடுங்கித் தானே தேய்க்க ஆரம்பித்தார்.

ஜீப்பில் எழுதுகிறேன். பாய் என் பக்கம் திரும்பவில்லை. தாஸ் பெயரைச் சொல்லாதது சரி. சேட் அடிக்கச் சொன்னார் என்று சொல்லியிருக்க வேண்டும்.